வாசகர் கேள்வி–பதில்: மனிதனின் பெயரால் ஒரு நிலவியல் யுகம்

மனிதச் செயல்களால் பூமி, சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன் காலத்தைக் கடந்து ‘ஆந்த்ரோபோசீன்’ என்னும் புதிய யுகத்துக்குள் நுழைந்துவிட்டது என்ற முன்மொழிவை, 2024 மார்ச் மாதத்தில் நிலவியலாளர்களின் உலக அமைப்பு ஏற்க மறுத்ததைப் பற்றி முந்தைய இதழ் ஒன்றில் சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து இந்த ஒரு பொருளுக்கே இடம் தரப்படுகிறது. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நிலவியல் யுகங்களுக்கு எல்லை வகுப்பதும் பெயர் சூட்டுவதும் பாறைகளைப் படிப்பவர்களின் வேலை அல்லவா? காற்றை ஆராய்ந்த ஒரு வேதியியலாளர் இதில் நுழைந்தது எப்படி?
— வாசகர், சிவகங்கை

பதில்: யாரும் அழைக்காமலேயே நுழைந்தார் என்பதுதான் உண்மை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், நிலம், கடல், காற்று, உயிர்கள் ஆகியவற்றை ஒரே அமைப்பாகக் கருதி ஆராய்ந்துவந்த பன்னாட்டுத் திட்டம் ஒன்றின் அறிவியல் குழு மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் கூடியிருந்தது. அங்கே பேசியவர்கள் அண்மைக்கால மாற்றங்களைக் குறிப்பிடும்போதும் ‘ஹோலோசீன்’ என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பால் க்ருட்சன், அதாவது நீங்கள் குறிப்பிடும் வேதியியலாளர், ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து குறுக்கிட்டு, நாம் இப்போது ஹோலோசீனில் இல்லை, ஆந்த்ரோபோசீனில் இருக்கிறோம் என்று சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவர் நாவில் அந்தக் கணத்தில் வந்தது. பிறகு விசாரித்தபோது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏரிகளின் டயாட்டம் பாசிகளை ஆராய்ந்த யூஜின் ஸ்டோர்மர் 1980களிலிருந்தே அதே சொல்லைப் பேச்சுவழக்கில் பயன்படுத்திவந்தது தெரியவந்தது. ஆகவே இருவர் பெயரிலும் அதே ஆண்டு மே மாதம் அத்திட்டத்தின் செய்திமடலில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. 2002 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் க்ருட்சன் தனியாக எழுதிய ஒரு பக்கக் கட்டுரைதான் அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

க்ருட்சன் முறைப்படி வேதியியல் படித்துத் தொடங்கியவரும் அல்லர். 1933இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, கட்டுமானப் பொறியியலில் பட்டயம் பெற்று, அந்நகரின் பாலங்களைக் கட்டும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்லாந்துப் பெண்ணை மணந்து சுவீடனுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் துறைக்குக் கணினி நிரலாளர் தேவை என்ற நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். நிரல் எழுதிய அனுபவம் சிறிதும் இல்லாத அவரை 1959இல் அத்துறை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே வேலைக்கு நடுவே வானிலையியல் படித்து, ஓசோனை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்து, 1980 முதல் 2000 வரை ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் கழகத்தில் இயக்குநராக இருந்தார். 1995இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2021 ஜனவரியில் காலமானார்.

துறை தாண்டிவந்து பேசினார் என்ற குறை அவர் மீது கடைசிவரை சொல்லப்பட்டது. நிலவியலின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் குறைக்கு வலு குறைவு. டைனோசர்களின் அழிவோடு முடியும் கிரெட்டேசியஸ் காலத்தின் எல்லையில் இரிடியம் என்ற அரிய உலோகம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பதை 1980இல் வெளியிட்ட நால்வர் குழுவில் ஒருவர்தான் நிலவியலாளர். ஒருவர் இயற்பியலாளர், மற்ற இருவரும் அணுக்கரு வேதியியலாளர்கள். ஹோலோசீனின் தொடக்கமாக 2008இல் ஏற்கப்பட்ட இடமோ பாறையே அல்ல. கிரீன்லாந்தில் துளையிட்டு எடுத்த பனித்தண்டு ஒன்றில் 1,492.45 மீட்டர் ஆழத்தில், நீரின் ஐசோடோப்பு விகிதம் சட்டென்று மாறும் புள்ளி அது. எல்லைக்கோடுகளை வேதியியல் அளவைகளைக் கொண்டு இடும் வழக்கம் நிலவியலுக்கு அந்நியமானதல்ல.

கேள்வி: நிலத்தையும் காட்டையும் மனிதன் மாற்றியதைக் கண்ணால் பார்க்கிறோம். காற்றில் மிகச் சிறிய பங்காக இருக்கும் வாயுக்களை வைத்து ஒரு யுகமே மாறிவிட்டது என்று சொல்வது மாணவர்களுக்கு மிகையாகத் தோன்றுகிறது. எப்படி விளக்குவது?
— வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: ஓசோனின் கதையைச் சொல்லுங்கள், க்ருட்சனுக்கு அந்த எண்ணம் உருவானதும் அங்கேதான். தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலம் எனப்படும் பகுதியில் ஓசோன் செறிந்திருக்கிறது. செறிந்திருக்கிறது என்பதும் ஒப்பீட்டுக்காகச் சொல்வதுதான்; அங்கேயும் அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கைத் தாண்டுவதில்லை. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து இங்குள்ள அழுத்தத்தில் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் தேறும். சூரியனின் தீங்கு விளைவிக்கும் புறஊதாக் கதிர்கள் தரையிலுள்ள உயிர்களை எரிக்காமல் தடுத்து நிற்பது இந்த 3 மில்லிமீட்டர்தான்.

1930இல் சிட்னி சாப்மன், ஆக்சிஜனை மட்டும் கணக்கில் கொண்டு, ஓசோன் எப்படி உண்டாகிறது, எப்படி அழிகிறது என்று விளக்கினார். அந்தக் கணக்கின்படி வானில் இருக்கவேண்டிய ஓசோன், உண்மையில் அளக்கப்பட்டதைவிட மிக அதிகமாக இருந்தது. எதுவோ கூடுதலாக அதை அழித்துக்கொண்டிருக்க வேண்டும். 1970இல் க்ருட்சன் தந்த விடை நைட்ரஜன் ஆக்சைடுகள். நைட்ரிக் ஆக்சைடின் ஒரு மூலக்கூறு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. அது அடுத்துத் தனி ஆக்சிஜன் அணு ஒன்றைச் சந்திக்கும்போது, தான் பறித்ததை அதனிடம் சேர்த்துவிட்டுப் பழையபடி நைட்ரிக் ஆக்சைடாகிவிடுகிறது. ஒரு திருமணத்தை முடித்துவைத்த தரகர் எதையும் இழக்காமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்புவதைப் போல அது மீண்டும் மீண்டும் அதே வேலையைச் செய்கிறது. கிரியா ஊக்கி என்று பாடத்தில் படிப்பதன் முழுப் பொருளும் இங்கே விளங்கும்: ஊக்கியின் அளவு மிகச் சிறியதாக இருந்தாலும் விளைவு சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

இந்த நைட்ரிக் ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையானது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரஸ் ஆக்சைடை வெளியிடுகின்றன. கீழ்க்காற்றில் எதனோடும் வினைபுரியாத அந்த வாயு நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்து, மெல்ல மேலேறி, அடுக்கு மண்டலத்தில் கதிர்களால் உடைகிறது. வயலில் இடும் நைட்ரஜன் உரம் கூடினால் இந்த வாயுவும் கூடும். ஆகவே நிலத்தில் நாம் இடும் உரத்துக்கும் 30 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதற்கும் நேர்த்தொடர்பு உண்டு. ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டறிந்து கார்ல் போஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்த முறையில், 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அம்மோனியா உற்பத்தி தொடங்கியது. நிலத்தின் இயற்கை அமைப்புகள் எல்லாம் சேர்ந்து நிலைநிறுத்தும் நைட்ரஜனைவிட உரமாக இடப்படுவது அதிகமாகிவிட்டது என்பதைத் தம் 2002 கட்டுரையில் க்ருட்சன் சான்றுகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார்.

அடுத்தது குளோரின். குளிர்சாதனப் பெட்டிக்கும் தெளிப்பான் குப்பிக்கும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் 1970களின் தொடக்கத்தில் கடற்காற்றில் அளக்கப்பட்டபோது அவற்றின் அளவு லட்சம் கோடியில் 50 பங்கு என்ற அளவிலேயே இருந்தது. அளந்தவரான ஜேம்ஸ் லவ்லாக்கே அதைத் தீங்கற்றது என்று கருதினார். 1974இல் மொலினாவும் ரோலண்டும் அந்தச் சேர்மங்கள் கீழே அழியாமல் மேலே போய்ச் சேரும் என்றும், அங்கே விடுபடும் ஒவ்வொரு குளோரின் அணுவும் பல ஆயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்றும் கணக்கிட்டார்கள். தொழில்துறை அதை ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த நிலையில், 1985இல் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும், அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்துக்கு மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். யாருடைய கணக்கும் அவ்வளவு குறைவை எதிர்பார்த்திருக்கவில்லை. கடுங்குளிரில் உருவாகும் முகில் துகள்களின் மேற்பரப்பில் குளோரின் தூண்டப்படுகிறது என்ற விளக்கத்தை சூசன் சாலமனும் உடனாய்வாளர்களும் 1986இல் முன்வைத்தார்கள்; அம்முகில்களில் நைட்ரிக் அமிலத்தின் பங்கை க்ருட்சனும் ஃபிராங்க் அர்னால்டும் அதே ஆண்டில் விளக்கினார்கள். 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நோபல் உரையில் க்ருட்சன் சொன்ன ஒரு கருத்தை மாணவர்களிடம் கட்டாயம் பகிருங்கள். புரோமின், அணுவுக்கு அணு ஒப்பிட்டால் குளோரினைவிட நூறு மடங்கு அளவுக்கு ஓசோனுக்குக் கேடு செய்வது. வேதித் தொழில் குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் சேர்மங்களை வளர்த்தெடுத்திருந்தால், 1970களிலேயே எல்லா இடங்களிலும் எல்லாப் பருவங்களிலும் ஓசோன் ஓட்டையைச் சந்தித்திருப்போம். அதைப் புரிந்துகொள்ளும் அறிவும் அப்போது எவரிடமும் இருந்திருக்காது. அப்படி நேராமல் போனதற்கு முன்யோசனை காரணமல்ல, வெறும் நற்பேறுதான் காரணம் என்பது அவர் கணிப்பு. நிலவியலாளர் படிவின் தடிமனை அளக்கிறார். வளிமண்டல வேதியியலாளர் விகிதத்தை அளக்கிறார். தம் வாழ்நாளுக்குள்ளேயே, நூறு கோடியில் சில பங்கு ஒரு கண்டத்தின் வானையே மாற்றியதைக் கண்ட ஒருவருக்கு, மனிதனைப் புவியளவு ஆற்றலாக எண்ணுவதில் மிகை எதுவும் தெரிந்திருக்காது.

கேள்வி: இந்த எண்ணம் க்ருட்சனுக்கு முன்பு யாருக்கும் தோன்றவில்லையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தோன்றியது. இத்தாலிய நிலவியலாளரும் பாதிரியாருமான அன்டோனியோ ஸ்டொப்பானி 1873இல் ‘ஆந்த்ரோபோசோயிக்’ என்ற பெயரையே முன்மொழிந்தார். அதற்கு முன் 1864இல் அமெரிக்கரான ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், காடழிப்பு நிலத்தையும் நீரையும் எப்படி மாற்றுகிறது என்று விரிவாக எழுதியிருந்தார். ரஷ்யரான வெர்னாட்ஸ்கி மனித அறிவே ஒரு புவி ஆற்றலாகிவருவதைப் பற்றிப் பேசினார். இவர்களிடம் இல்லாதிருந்தவை அளவுகள். கார்பன் டை ஆக்சைடின் தொடர் அளவீட்டை சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் தொடங்கியது 1958இல்தான். பனித்தண்டுகளின் குமிழிகளிலிருந்து பழைய காற்றைப் பிரித்தெடுத்து ஒப்பிடும் வசதி அதற்கும் பின்னால் வந்தது.

கேள்வி: ஆந்த்ரோபோசீன் எப்போது தொடங்கியது? ஒருவர் நீராவி எந்திரம் என்கிறார், ஒருவர் அணுகுண்டு என்கிறார், இன்னொருவர் நெல் விவசாயம் என்கிறார். இவ்வளவு வேறுபாடு ஏன்?
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். க்ருட்சன் முதலில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சொன்னார். பனிக்குமிழிகளில் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உயரத் தொடங்குவது அப்போதுதான் என்றும், ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தை மேம்படுத்திய 1784 அதனோடு பொருந்துகிறது என்றும் எழுதினார். மாற்றம் எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கு இது நல்ல விடை. ஆனால் உலகமெங்கும் ஒரே நேரத்தில் பதிந்த தடயம் எது என்று கேட்டால் இது தேறாது. நிலக்கரிப் புகை இங்கிலாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்குப் பரவ நூறாண்டுக்கு மேலாயிற்று.

நெல்லைச் சொல்பவர் அமெரிக்கரான வில்லியம் ரடிமன். காடழித்துப் பயிரிட்டதால் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து கார்பன் டை ஆக்சைடும், ஆசியாவின் நீர் தேங்கிய நெல்வயல்களால் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மீத்தேனும் இயற்கைப் போக்குக்கு மாறாக உயர்ந்தன என்று அவர் 2003இல் வாதிட்டார். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. 2015இல் சைமன் லூயிஸும் மார்க் மாஸ்லினும் 1610ஆம் ஆண்டை முன்வைத்தார்கள்: ஐரோப்பியர் வருகைக்குப் பின் நோயாலும் போராலும் அமெரிக்கக் கண்டங்களில் கோடிக்கணக்கானோர் மடிந்து, வயல்கள் மீண்டும் காடாகி, காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 7 முதல் 10 பங்கு வரை குறைந்தது என்பது அவர்கள் வாதம். அந்தச் சிறு இறக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற மறுப்பு உடனே எழுந்தது. ஆனாலும், பேரழிவு ஒன்றைக் காற்றின் பதிவில் தேடிய அந்த முயற்சியை எளிதில் ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

யான் ஸாலஸேவிச் தலைமையில் 2009இல் அமைந்த ஆந்த்ரோபோசீன் பணிக்குழு இவற்றை எல்லாம் பரிசீலித்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தேர்ந்தது. 2019இல் நடந்த வாக்கெடுப்பில் 33 பேரில் 29 பேர் இதை ஆதரித்தார்கள். காரணம் எளியது: 1952 நவம்பரில் எனிவெட்டோக் பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த முதல் ஹைட்ரஜன் குண்டும் அதைத் தொடர்ந்த வெடிப்புகளும் புளுட்டோனியத்தை அடுக்கு மண்டலம் வரை எறிந்தன. அது உலகம் முழுவதும் சுற்றி, ஏரிச் சேற்றிலும் பவளத்திலும் துருவப் பனியிலும் படிந்தது. புளுட்டோனியம்–239இன் அரை ஆயுள் சுமார் 24,100 ஆண்டுகள். அதே காலத்தில்தான் அனல்மின் நிலையங்களின் சாம்பல் துகள்களும் உரத்தின் நைட்ரஜனும் பிளாஸ்டிக்கும் படிவுகளில் சேர்ந்து உயர்கின்றன.

எல்லைக்குச் சான்றாக ஓர் இடத்தைக் காட்டவேண்டும் என்பது விதி. உலகெங்கும் 12 இடங்கள் ஆராயப்பட்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள க்ராஃபோர்டு ஏரி 2023 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. பரப்பில் மிகச் சிறிய இந்த ஏரியின் ஆழமோ சுமார் 24 மீட்டர். அதனால் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை, அடியிலுள்ள சேறு குலைவதுமில்லை. கோடையில் சுண்ணாம்பு வெண்மையாகப் படிகிறது, பிறகு இலைதழைகளின் கரிய படிவு அதை மூடுகிறது; வெண்மையும் கருமையும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. இப்படி ஆண்டாண்டாக எண்ணிக்கொண்டே கீழே போனால், ஏரிக்கரையில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பூர்வகுடிகள் பயிரிட்ட மக்காச்சோளத்தின் மகரந்தத்தையும் காணலாம்.

கேள்வி: இவ்வளவு சான்றுகள் இருந்தும் நிலவியலாளர்கள் ஏன் மறுத்தார்கள்? அரசியல் அழுத்தம் உண்டா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை

பதில்: மறுத்தவர்களின் வாதங்களைப் படித்தால் அவற்றை விளக்க அரசியல் அழுத்தம் தேவைப்படவில்லை. முன்மொழிவு முதலில், ஹோலோசீனை உள்ளடக்கிய குவாட்டர்னரி காலத்தின் பிரிவுகளைக் கவனிக்கும் குவாட்டர்னரி நிலவடுக்கியல் துணை ஆணையத்துக்கு வந்தது. அங்கே ஆதரவாக 4 வாக்குகளும் எதிராக 12 வாக்குகளும் விழுந்தன. வாக்கெடுப்பு நடந்த முறை சரியில்லை என்று அந்தத் துணை ஆணையத்தின் தலைவராகவும் இருந்த ஸாலஸேவிச் ஆட்சேபித்தார். ஆயினும் நிலவியல் அறிவியல்களின் பன்னாட்டு ஒன்றியம் முடிவை உறுதிசெய்தது.

எதிர்த்தவர்களின் முதல் வாதம், 1952இல் கோடு போட்டால் அதற்கு முந்தைய எல்லாம் மனிதக் கை படாத காலம் என்றாகிவிடும் என்பது. உழவும் நீர்ப்பாசனமும் காடழிப்பும் சுரங்கமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்திருக்க, ஒரு முதியவரின் ஆயுளுக்குள் அடங்கும் காலத்தை மட்டும் மனித யுகம் என்பது பொருந்தாது என்றார்கள். இரண்டாவது, நிலவியல் யுகங்கள் பெரும்பாலும் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கொண்டவை. எழுபது சொச்சம் ஆண்டுகளின் படிவை வைத்து யுகம் அமைப்பது அவசரம். பணிக்குழுவின் தொடக்ககால உறுப்பினரான பிலிப் கிப்பார்டும் வேறு சிலரும், இதை யுகம் என்னாமல் ‘நிகழ்வு’ என்று அழைக்கலாம் என்று மாற்றுவழி சொன்னார்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீலப்பச்சைப் பாசிகள் காற்றில் ஆக்சிஜனை நிரப்பியதை நிலவியலாளர்கள் ஒரு பெரும் நிகழ்வாகவே குறிப்பிடுகிறார்கள். அதற்கு ஒற்றைத் தொடக்க ஆண்டு யாரும் கேட்பதில்லை.

என் கருத்தைக் கேட்டால், முதல் வாதம் வலுவானது. நெல்லும் ஏரியும் கால்வாயும் நிலத்தை உருமாற்றிய ஆசியாவில் இருந்துகொண்டு 1952 என்ற ஆண்டை ஒப்புக்கொள்வது எளிதல்ல. இரண்டாவது வாதம் அவ்வளவு வலுவானதாகத் தோன்றவில்லை. ஹோலோசீனே 11,700 ஆண்டுகள் மட்டுமே கொண்டது, அதற்கு முந்தைய பனி விலகல் காலங்களிலிருந்து அதைப் பிரித்துத் தனி யுகமாக்கியதற்கு நாம் அதில் வாழ்கிறோம் என்பதைத் தவிர வலுவான காரணம் குறைவு. போதாக்குறைக்கு 2018இல் ஹோலோசீனை மூன்றாகப் பிரித்து, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் கடைசிப் பகுதிக்கு மேகாலயன் என்று பெயரிட்டார்கள். அதன் எல்லைச் சான்று மேகாலயாவின் மவ்ம்லு குகையில் கிடைத்த சுண்ணாம்புப் படிவுத் தூண் ஒன்று. அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் நீண்ட வறட்சி ஒன்றைக் காட்டுகிறது.

வேதியியலாளர்களின் வலு வேகத்தில் இருக்கிறது. கடைசிப் பனியூழி விலகியபோது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 80 பங்கு உயர்வதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1958இல் சுமார் 315 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதாவது, எழுபது ஆண்டுகளுக்குள் நூறு பங்குக்கு மேல். எல்லைக்கோட்டுக்கு எதிராக வாக்களித்தவர்களும் இந்த எண்ணை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ‘மனிதன்’ செய்தான் என்று பொதுவாகச் சொல்வது நியாயமா? குடிசையில் வாழ்பவரும் தொழிற்சாலை முதலாளியும் ஒன்றா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நியாயமான கேள்வி, அதை க்ருட்சனே தொட்டிருக்கிறார். இந்த விளைவுகளில் பெரும்பாலானவை இதுவரை உலக மக்களில் 25 சதவீதத்தினரால் மட்டுமே ஏற்பட்டவை என்று 2002 கட்டுரையிலேயே எழுதினார். ஆனால் அந்த ஒரு வரி அவர் சூட்டிய பெயரில் வெளிப்படவில்லை. ஆந்திரேயாஸ் மால்ம், ஜேசன் மூர் போன்றோர் இதனால்தான் ‘கேபிடலோசீன்’, அதாவது மூலதனத்தின் யுகம் என்று மாற்றுப் பெயரைப் பேசினார்கள். பொறுப்பைப் பற்றிய விவாதத்துக்கு அந்தப் பெயர் உதவும். ஏரிச் சேற்றில் படிந்த புளுட்டோனியமோ யார் வெடித்த குண்டு என்று கேட்டுப் படிவதில்லை; படிவைப் படிப்பவருக்கு அந்த வேறுபாடு தேவையும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்குகள், ஒன்றைக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி: இந்த ஆய்வுகளில் தமிழ்நாட்டுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?
— பள்ளி மாணவி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ஊருக்கு மேலேயே உண்டு. ஓசோனை உலகளவில் அளக்க விரும்பிய ஆக்ஸ்போர்டு அறிவியலாளர் ஜி.எம்.பி. டாப்சன், 1928இல் தம் கருவிகளை ஒன்றுக்கொன்று வெகுதொலைவிலுள்ள இடங்களுக்கு அனுப்பினார். சுவிட்சர்லாந்தின் அரோசா, எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆகியவற்றோடு கொடைக்கானலும் அவற்றில் ஒன்று. வெப்பமண்டலத்தில் ஓசோன் குறைவு என்பதும், பருவத்துக்குப் பருவம் அங்கே அதிகம் மாறுவதில்லை என்பதும் தெரியவந்ததில் கொடைக்கானல் அளவீடுகளுக்குப் பங்கு உண்டு.

அடுத்து வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த இவர், 1975இல் குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனைக் கெடுப்பதோடு வெப்பத்தையும் சிறைப்படுத்துகின்றன என்று காட்டினார்; இந்த மூலக்கூறு ஒன்று கார்பன் டை ஆக்சைடின் சுமார் 10,000 மூலக்கூறுகளுக்குச் சமம் என்பது அவர் கணக்கு. (அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் ஓசோன் ஆய்வாளருமான கே.ஆர். ராமநாதன் வேறொருவர், கட்டுரைகளில் இருவரையும் குழப்பிவிடுகிறார்கள்.) வீரபத்ரன் ராமநாதனும் க்ருட்சனும் இணைந்து தலைமையேற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999இன் தொடக்க மாதங்களில் மாலத்தீவை மையமாகக் கொண்டு நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று தெற்காசியாவின் புகையைக் கடலுக்கு மேலே கொண்டுபோய், சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் பழுப்பு மூட்டமாகப் பரப்பிவைத்திருப்பதை விமானங்களும் கப்பல்களும் அளந்தன. விறகும் வறட்டியும் எரிவதால் எழும் புகைக்கும் அதில் பெரும்பங்கு இருந்தது. ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயருக்கு இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்து, பிறகு ‘வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்’ என்று பொதுவாக மாற்றினார்கள்.

கேள்வி: வானில் கந்தகத்தைத் தூவி பூமியைக் குளிரவைக்கலாம் என்று சொன்னவரும் இதே க்ருட்சன்தானா? சுற்றுச்சூழலுக்காகப் பேசியவர் இப்படிச் சொல்லலாமா?
— வாசகர், சேலம்

பதில்: இவரேதான். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்து, சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியதில், அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. அதேபோல் செயற்கையாகச் செய்வதை ஆராயலாம் என்று 2006இல் அவர் எழுதினார். அவர் சொன்ன காரணத்தில் ஒரு முரண் இருக்கிறது: ஆலைப் புகையின் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி வெப்பத்தின் ஒரு பகுதியை மறைத்துவைத்திருக்கின்றன, உடல்நலத்துக்காக அந்தப் புகையைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். வாயு வெளியீடுகளைக் குறைப்பதே முதல் வழி என்றும், அது நடந்தால் இந்தச் சோதனைக்குத் தேவையே வராது என்றும், ஆனால் நடப்பதாகத் தெரியவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். கட்டுரையை வெளியிடவே கூடாது என்று சக ஆய்வாளர்கள் சிலர் தடுக்க முயன்றார்கள்.

அணுப்போர் நடந்தால் எரியும் நகரங்களின், காடுகளின் புகை சூரியனையே மறைத்துவிடும் என்று ஜான் பர்க்ஸுடன் சேர்ந்து 1982இல் எழுதியவரும் இவர்தான். துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கும் என்ற ஒரே கணக்கு, ஒரு கட்டுரையில் எச்சரிக்கையாகவும் இன்னொன்றில் கடைசி உபாயமாகவும் வருகிறது. அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை, உபாயத்தில் உண்டு. கந்தகத் துகள்கள் ஓசோன் அழிவை விரைவுபடுத்தும், பருவமழையின் போக்கையும் மாற்றக்கூடும். தொடங்கியபின் திடீரென நிறுத்தினால் மறைத்துவைத்த வெப்பம் சில ஆண்டுகளுக்குள் திரும்பிவரும். அத்தகைய முடிவை எந்த நாடு, யாரைக் கேட்டு எடுக்கும் என்பதற்கு வேதியியலில் விடை கிடையாது.

கேள்வி: போட்டித் தேர்வில் ‘நாம் வாழும் நிலவியல் யுகம் எது’ என்று கேட்டால் என்ன எழுதுவது?
— தேர்வர், விழுப்புரம்

பதில்: ஹோலோசீன் என்று எழுதுங்கள். உட்பிரிவையும் கேட்டிருந்தால் மேகாலயன். ஆந்த்ரோபோசீன் என்ற சொல் அறிவியலிலும் பொதுப்பேச்சிலும் தொடர்ந்து பயன்படும் என்று மறுத்த அமைப்பே அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அதிகாரபூர்வமான கால அட்டவணையில் அது இல்லை. விடைத்தாளைத் திருத்துபவர் கையில் இருப்பது அந்த அட்டவணைதான்.